ஏழாம் அத்தியாயம்: நீரை மின்சாரத்தால் பகுத்துக் காட்டல்

விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வகுப்பினுள் நுழைந்ததும் நுழையாததுமாக, நீர் என்பது இரண்டு பங்கு ஜலவாயுவும் ஒரு பங்கு பிராணவாயுவும் சேர்ந்தது என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பின்னரே மேஜையின் மேலுள்ள கருவியைத் தொடுவாராயின், அன்றைய பரிசோதனை தொடங்குமுன்பே முடிந்துபோயிற்று என்றுதான் நான் கருதுகிறேன். விடையை முன்னரே அறிந்துகொண்ட மாணாக்கன் குழாய்களைப் பார்ப்பதில்லை, பலகையைத்தான் பார்க்கிறான். குழாய்களில் எட்டுக்கு மூன்றரை என்று வாயு நின்றாலும், ஏட்டில் எட்டுக்கு நான்கு என்று எழுதி, அதற்கு முழு மதிப்பெண்ணும் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். கண்ணால் கண்டதை மறைத்து, கேட்டதை எழுதுவதற்கு விஞ்ஞான வகுப்பிலேயே அவனுக்குப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. ஆகையால், இந்த அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதனை நடத்த முற்படும் ஆசிரியரிடம் நான் முதலாவதாக வேண்டிக்கொள்வது, மாணாக்கர் தாமே அளந்து முடிக்கும் வரையில் விகிதத்தைப் பற்றி வாய் திறவாதிருக்க வேண்டும் என்பதே. இன்று ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று பாடநூல்கள் வழங்கும் வாயுக்களை நான் பழகிய பெயர்களாலேயே ஜலவாயு, பிராணவாயு என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

இதற்கு வேண்டிய சாதனங்கள் மிகச் சில. எளிய கிராமப் பள்ளியிலும் ஒரு நாள் அவகாசத்தில் திரட்டிவிடலாம். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஒரே அளவுள்ள சோதனைக் குழாய்கள் இரண்டு, டார்ச் விளக்கில் போடும் ஒன்றரை வோல்ட் செல்கள் நான்கு, மேலுறையிட்ட மெல்லிய கம்பி, பென்சில் இரண்டு, சலவைச் சோடா, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, ஊசி நீக்கிய சிரிஞ்சு ஒன்று: இவ்வளவே. நான்கு செல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திச் சுருட்டிய காகிதத்தால் இறுகக் கட்டிவிட்டால் ஆறு வோல்ட் கிடைக்கும். நம் காரியத்துக்கு அது போதும். சுவரிலுள்ள மின்சாரத்தை இந்தப் பரிசோதனைக்கு எக்காரணம் கொண்டும் எடுக்கலாகாது. ஈரக் கையோடு உப்புக் கலந்த நீரின் அருகில் நிற்கும் குழந்தைகளிடையே 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவருவது உயிரோடு விளையாடுவதாகும். கெட்டிக்காரப் பையன் எவனேனும் இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புவான் என்பதையும் நினைவில் வைத்து, இந்த எச்சரிக்கையை வகுப்பில் இரண்டு முறையாவது சொல்ல வேண்டும்.

மின்சாரம் நீருக்குள் நுழையவும் வெளியேறவும் வாயிலாக அமையும் இரு முனைகளுக்கு மின்வாய்கள் என்று பெயர். அவற்றை எதனால் செய்வது என்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்தப் பரிசோதனை பழுதுபடும் இடம் பெரும்பாலும் இதுதான். சிறந்தது பிளாட்டினக் கம்பி. ஆனால் அதன் விலை பள்ளிக்கூடத்துக்கு எட்டாதது. சமையலறையிலுள்ள எவர்சில்வர் கரண்டிகளைச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். அது கூடாது, நேர்மின்வாயாக நிற்கும் கரண்டியிலிருந்து குரோமியம் கரைந்து நீரை நச்சாக்கக்கூடும். கைக்கு எளிதாகக் கிடைக்கும் செப்புக் கம்பியும் உதவாது. இதை நான் நூலில் படித்துக் கற்றேன் அல்லேன்.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், முன்னேற்பாடு ஏதுமின்றி, செப்புக் கம்பியின் உறையைச் சீவி நீரில் தொங்கவிட்டு இந்தப் பரிசோதனையை ஒரு வகுப்புக்குக் காட்டினேன். ஒரு கம்பியிலிருந்து குமிழிகள் பொலபொலவென்று எழுந்தன. மற்றதிலிருந்து அனேகமாக ஒன்றும் எழவில்லை. சற்று நேரத்தில் அந்தக் கம்பி கறுத்து, நீரும் நீலப் பச்சையாக மாறத் தொடங்கிற்று. முன் வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஸார், ஒரு பக்கந்தான் வாயு வருகிறது, இன்னொரு பக்கத்து வாயு எங்கே போயிற்று?" என்று கேட்டான். கம்பி சரியாகப் பொருந்தவில்லை, உட்கார் என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அன்று வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளுள் உயர்ந்தது அதுவே என்பதையும், அதற்கு விடை அந்தக் கறுத்த கம்பியிலேயே இருந்தது என்பதையும் நான் உணர்வதற்குச் சில ஆண்டுகள் ஆயின. பிராணவாயு வெளியே வராமல் செம்பைப் பற்றிக்கொண்டுவிட்டது. கம்பியின் கறுப்பும் நீரின் பச்சையும் அதன் அடையாளங்கள். அந்தச் சிறுவனுக்கு நான் அதைச் சொல்லும் வாய்ப்பு பிறகு அமையவேயில்லை.

ஆகவே, நாம் பென்சிலை எடுத்துக்கொள்வோம். பென்சிலின் உள்ளே இருப்பதை வழக்கத்தில் ஈயம் என்று சொன்னாலும், அதில் ஈயம் துளியும் இல்லை. களிமண் சேர்த்துச் சுட்ட கிராஃபைட் என்னும் கரியே அது. கறுப்பு மிகுந்து எழுதும் மென்மையான பென்சிலில் களிமண் குறைவு, கரி அதிகம். எனவே மின்சாரம் அதன் வழியே எளிதாகச் செல்லும். அத்தகைய பென்சில் இரண்டை விரல் நீளத்துக்குத் துண்டாக்கி, இருபுறமும் கூராகச் சீவிக்கொள்ள வேண்டும். டப்பாவின் அடியில் மூன்று விரற்கடை இடைவெளியில் இரண்டு துளையிட்டு, பென்சில்களை அடியிலிருந்து மேல்நோக்கிச் செருகி, துளையின் விளிம்பை உருக்கிய மெழுகால் நன்றாக அடைத்துவிட வேண்டும். நீர் கசிகிறதா என்பதை முதல் நாளே ஊற்றிப் பார்த்துவிடுவது நல்லது. வகுப்பு நடுவில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறிவிடும். டப்பாவை இரண்டு செங்கற்களின் மேல் வைத்து, அடியில் நீண்டிருக்கும் கூர்களில் கம்பியைச் சுற்றிவிட்டால் கருவி ஆயத்தமாகிவிட்டது.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதனால் அரை லிட்டர் நீரில் மூன்று தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துக்கொள்ள வேண்டும். சோடாவைக் கரைக்குமுன் வெறும் நீரில் செல்களை இணைத்துக் காட்டி, அதன் பிறகு சோடாவைக் கரைத்து மறுபடியும் இணைத்துக் காட்டுவது சிறப்பு. குமிழிகள் சட்டென்று பெருகுவதைக் கண்டு, சோடாவிலிருந்துதான் வாயு வருகிறது என்று சிலர் முடிவு கட்டுவார்கள். அந்தச் சந்தேகத்தை உடனே மறுக்க வேண்டாம். பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடலாம். சாப்பாட்டு உப்பைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு மட்டும் திட்டமாகப் பதில் சொல்லிவிட வேண்டும்: உப்பு நீரில் நேர்மின்வாயிலிருந்து குளோரின் என்னும் நச்சு வாயு எழும், ஆகையால் அதை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. ஆய்வுக்கூட வசதியுள்ள பள்ளிகளில் நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்துவது உண்டு. அவ்வாறு செய்வோர் அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டுமேயன்றி நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்ற விதியை மறவாதிருப்பார்களாக. சிறு பிள்ளைகளின் வகுப்புக்குச் சலவைச் சோடாவே போதுமானது. அதுவும் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழாய்களைக் கவிழ்ப்பதற்கு முன்னர் ஒரு சிறு பரிசோதனையை இடையில் செய்யும்படி வற்புறுத்துகிறேன். முதலில் ஒரே ஒரு செல்லை மட்டும் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி எதுவும் எழாது, எழுந்தாலும் கண்ணுக்குத் தெரிவது அரிது. இரண்டு செல்களை இணைத்தால் சிலவாய் எழும், மூன்றில் பெருகும், நான்கில் இரண்டு பென்சில் முனைகளும் வெண்மையாக நுரைக்கும். நீரைப் பிரிப்பதற்குக் குறைந்தபட்சம் 1.23 வோல்ட் வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் மின்வாயின் மேற்பரப்பில் வாயு உருவாவதற்கென்று மேலும் ஓரளவு செலவாகிறது. ஜலவாயு எரிந்து நீராகும்போது மிகுந்த வெப்பம் வெளிப்படுகிறதல்லவா? எரியும்போது வெளிவந்த சக்தியைத் திருப்பிக் கொடுத்தாலன்றி நீர் தன் கூட்டை அவிழ்ப்பதில்லை. செல்லை ஒன்றொன்றாகக் கூட்டும்போது இந்த உண்மை சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

இனிக் குழாய்கள். இரண்டையும் சோடா நீரால் விளிம்பு வரை நிரப்பி, கட்டைவிரலால் மூடி, காற்றுக் குமிழி புகாதபடி நீருக்குள்ளேயே கவிழ்த்து, ஒவ்வொரு பென்சில் முனையின் மேலும் ஒன்றாக நிறுத்த வேண்டும். குழாயின் வாய் டப்பாவின் அடித்தளத்தில் முழுதும் படிந்துவிட்டால் மின்னோட்டம் தடைப்படும்; ஆகவே நூலால் கட்டிச் சற்றே தூக்கி வைக்க வேண்டும். ஆனால் குழாய்களைக் கவிழ்ப்பதற்கு முன்பு பத்து நிமிடமாவது மின்சாரத்தை வாளா ஓடவிட வேண்டும். பிராணவாயு நீரில் ஜலவாயுவைக் காட்டிலும் மிகுதியாகக் கரைவது. முதலில் எழும் வாயுவில் ஒரு பகுதியை நீர் விழுங்கிவிடும். நீர் தன் பசியைத் தீர்த்துக்கொண்ட பிறகு நாம் சேகரிக்கத் தொடங்கினால் அளவு ஓரளவு நேர்மையாக அமையும்.

மின்னோட்டம் ஆம்ப்பியரில் பத்தில் ஒரு பங்காக இருந்தால், பத்து நிமிடத்தில் ஏறக்குறைய ஏழரைக் கன சென்டிமீட்டர் ஜலவாயு திரளும். பென்சில் மின்வாய்களில் அதைவிடக் குறைவான ஓட்டமே பெரும்பாலும் கிடைப்பதால், இருபது நிமிடமோ அரை மணியோ ஆகலாம். இந்தக் காத்திருப்பு நேரத்தைப் பல ஆசிரியர்கள் குறையாக எண்ணுகிறார்கள். எனக்கோ அதுவே இந்தப் பாடத்தின் இதயமாகத் தோன்றுகிறது. ஏனெனில் கதை சொல்வதற்கு இதைவிட ஏற்ற சமயம் கிடையாது.

நீரை ஐம்பூதங்களுள் ஒன்றாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். ஐரோப்பாவிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் நீர் மேலும் பிரிக்கவொண்ணாத தனிப்பொருள் என்றே அறிஞர் பலரும் நம்பியிருந்தனர். 1766இல் ஹென்றி கேவண்டிஷ் என்னும் ஆங்கிலேயர், உலோகங்கள் அமிலத்தில் கரையும்போது எழும் எரிவாயுவின் இயல்புகளை ஆராய்ந்து எழுதினார். பின்னர் அது எரிந்தால் நீர் உண்டாவதையும் கண்டார். 1783இல் பாரிஸில் லவாய்சியே, நீர் ஒரு கூட்டுப்பொருளே என்று துணிந்து அறிவித்தார். நீரைப் பிறப்பிப்பது என்னும் பொருள்பட அந்த எரிவாயுவுக்குப் பெயர் அமைந்ததும் அவர் காலத்தில்தான். இவை யாவும் வாயுக்களைச் சேர்த்து நீரைக் கண்ட கதை. நீரை மின்சாரத்தால் எளிதாகப் பிரித்துப் பார்க்கும் வழி 1800ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் இத்தாலியரான வோல்ட்டா, இரு உலோகத் தகடுகளை உப்பு நீரில் நனைத்த அட்டையோடு மாற்றி மாற்றி அடுக்கினால் இடைவிடாது மின்சாரம் பிறக்கும் என்று லண்டனுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் அச்சேறுவதற்கு முன்பே அதன் செய்தியை அறிந்த வில்லியம் நிக்கல்சனும், அந்தோணி கார்லைல் என்னும் ரண வைத்தியரும், பதினேழு வெள்ளி நாணயங்களையும் அத்தனை துத்தநாகத் தகடுகளையும் அடுக்கித் தாமே ஓர் அடுக்கைச் செய்துகொண்டனர். கம்பி நன்றாகப் பொருந்தட்டும் என்று மேல்தகட்டில் ஒரு சொட்டு நீரை வைத்தபோது, அந்தச் சொட்டில் நுண்ணிய குமிழிகள் எழுவதைக் கார்லைல் கண்டார். பிறிதொருவர் துடைத்துவிட்டுப் போயிருக்கக்கூடிய அந்தச் சொட்டை அவர்கள் விடவில்லை. மே மாதம் 2ஆம் நாள், நீர் நிரப்பிய குழாயினுள் இருபுறமும் பித்தளைக் கம்பிகளைச் செலுத்தி அடுக்கோடு இணைத்தனர். ஒரு கம்பியிலிருந்து வாயு எழுந்தது. மற்றது நிறம் மாறிக் கறுத்தது. இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஜலவாயு ஓரிடத்தில் வெளிப்பட, பிராணவாயு மற்றோரிடத்தில் உலோகத்தைப் பற்றிக்கொள்வானேன் என்று அவர்கள் வியந்தனர்.

இந்த வரலாற்றை முதன்முதலாகப் படித்த அன்று, முன் வரிசைச் சிறுவனின் முகம் என் மனக்கண்ணில் வந்து நின்றது. இன்னொரு பக்கத்து வாயு எங்கே போயிற்று என்று அவன் கேட்டது, அந்த இருவரையும் வியப்பில் ஆழ்த்திய அதே கேள்வி. அவர்கள் அதை விடாமல் தொடர்ந்து, கறுக்காத பிளாட்டினக் கம்பிகளை மாற்றிப் போட்டு இரு வாயுக்களையும் தனித்தனியே திரட்டினார்கள். அவர்கள் அளந்த எண்களைக் கதையின் இந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டாம்; அவற்றுக்கு வேளை இன்னும் வரவில்லை.

எதிர்மின்வாயின் மேல் நிற்கும் குழாயில் வாயு முக்கால்வாசி நிறைந்ததும் செல்களைப் பிரித்துவிட வேண்டும். அதன் பின்னரே நெருப்பு வகுப்பினுள் வரலாம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். முதலில் ஒவ்வொரு குழாயிலும் வாயு நிற்கும் மட்டத்தில் மையால் கோடிட்டுக்கொள்ளச் செய்து, பிறகு குழாய்களை நீருக்குள்ளேயே விரலால் மூடி வெளியே எடுக்க வேண்டும். வாயு மிகுதியாக உள்ள குழாயை ஒரு துணியால் சுற்றி, வாய் கீழ்நோக்கியிருக்கும்படி பிடித்து, விரலை எடுத்த அக்கணமே எரியும் குச்சியை அருகே கொண்டுபோனால், பட் என்ற ஒலியோடு வாயு எரிந்துவிடும். ஜலவாயு காற்றினும் மிக இலேசானது. வாயை மேல்நோக்கித் திருப்பினால் பறந்து போய்விடும். மற்றக் குழாயை வாய் மேல்நோக்கப் பிடித்து, நுனியில் கனிந்துகொண்டிருக்கும் ஊதுவத்தியை உள்ளே விட்டால், மங்கிய தணல் திடீரென்று பிரகாசித்துச் சுடர்விட்டு எரியும். பிள்ளைகள் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத காட்சி அது. இரண்டு வாயுக்களையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து நெருப்பிட்டுப் பார்க்க ஆசை கொள்பவர்களுக்கு இடங்கொடுக்கலாகாது. அந்தக் கலவை குழாயையே சிதறடிக்க வல்லது.

ஜலவாயு எரிந்தவுடன் குழாயின் உட்சுவரில் தெரியும் ஈரத்தைச் சுட்டிக்காட்டி, மறுபடியும் நீர் பிறந்துவிட்டது என்று சொல்லும் பழக்கம் சில ஆசிரியர்களிடம் உண்டு. அந்தக் குழாய் முன்னமே நனைந்திருந்தது. அந்த ஈரம் எரிந்ததனால் உண்டானதா, முன்பே இருந்ததா என்று பிரித்தறிய நமக்கு வழியில்லை. உண்மையான ஒரு கூற்றுக்குப் பொய்யான சான்றைக் காட்டுவது, பொய்யைச் சொல்வதைப் போன்றதே.

குழாய்களை மறுபடி நிமிர்த்தி, மைக்கோடு வரையில் சிரிஞ்சால் நீர் விட்டால், வாயு அடைத்திருந்த இடத்தின் அளவு கன சென்டிமீட்டரில் கிடைத்துவிடும். ஒவ்வொரு குழுவும் தன் இரண்டு எண்களைப் பலகையில் எழுதட்டும். எட்டும் நான்கும் என்று ஒரு குழுவும், எட்டும் மூன்றரையும் என்று இன்னொன்றும், ஏழும் மூன்றும் என்று வேறொன்றும் எழுதக் காண்பீர்கள். எதையும் அழிக்க வேண்டாம், திருத்த வேண்டாம். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்று யாரேனும் ஒரு மாணாக்கன் தானாகவே சொல்லும் வரை பொறுத்திருங்கள்; சொல்லாமலிருக்க மாட்டான்.

அவன் சொன்ன பிறகு, நிக்கல்சனும் கார்லைலும் பிளாட்டினக் கம்பிகளால் பதின்மூன்று மணி நேரம் காத்திருந்து பெற்ற எண்களை அவற்றின் பக்கத்தில் எழுதுங்கள். வாயுக்கள் இடம் பெயர்த்த நீரின் எடையாக அவர்கள் குறித்துவைத்தவை 142 கிரெயினும் 72 கிரெயினும். எழுபத்திரண்டின் இருமடங்கு 144 என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. நீரின் பகுதிகள் என்று கூறப்படும் விகிதத்துக்கு இது கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று எழுதி, 142ஐ 142 ஆகவே விட்டுவிட்டார்கள். என் வகுப்புகளில் அந்த எண்ணை எழுதும்போது எழும் மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சோடாவிலிருந்துதான் வாயு வந்ததா என்ற பழைய சந்தேகம் பலகையின் ஓரத்தில் காத்திருக்கும். அதைத் தீர்க்கச் செம்பருத்திப் பூச்சாற்றைக் கொண்டு ஒரு பக்கப் பரிசோதனை செய்யலாம். கண்ணாடித் தம்ளரில் பேதி உப்பைக் கரைத்து, பூச்சாற்றைக் கலந்து, இரண்டு பென்சில்களைத் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயைச் சூழ்ந்த நீர் சிவப்பாகவும் எதிர்மின்வாயைச் சூழ்ந்த நீர் பச்சையாகவும் மாறும். நீர் பிரியும்போது ஒருபுறம் பிராணவாயுவோடு அமிலத் தன்மையும், மறுபுறம் ஜலவாயுவோடு காரத் தன்மையும் எழுகின்றன. செல்களைப் பிரித்துவிட்டுக் கரண்டியால் கலக்கினால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, நீர் ஏறத்தாழப் பழைய நிறத்துக்கே திரும்பும். உப்பு மின்சாரத்துக்கு வழிகாட்டியாக நின்றதேயன்றித் தான் செலவாகவில்லை என்பதை இதிலிருந்து அவர்களே உய்த்துணரலாம்.

பாடம் முடிந்ததும் டப்பாவை உடனே கழுவிவிட வேண்டாம். இரவு முழுதும் அசையாமல் வைத்திருந்து, மறுநாள் காலையில் பிள்ளைகளை அதைச் சுற்றி நிற்கவைத்து, ஒன்றும் சொல்லாமல் பார்க்கவிடுங்கள். எதிர்மின்வாயாக நின்ற பென்சிலின் கூர் அனேகமாக முன்போலவே இருக்கும். நேர்மின்வாயாக நின்றது சொரசொரத்துத் தேய்ந்திருக்கும்; அதன் அடியில் மெல்லிய கரித்தூள் படிந்திருக்கும். பிராணவாயு அந்தக் கரியை அரித்து, அதில் ஒரு பகுதியோடு சேர்ந்து கரியமில வாயுவாகி, சோடா நீரில் கரைந்துபோயிருக்கிறது. எட்டுக்கு மூன்றரை என்று எழுதிய குழுவைக் கூப்பிட்டு, அவர்களுக்குக் குறைந்த அரைக் கன சென்டிமீட்டர் எங்கே போயிருக்கும் என்று கேளுங்கள்.